பட்டை சொன்ன கணக்கு: ஓக்லஹோமா, யாக்கிக் கோதுமை வயல்களில் பயிர் உணரிகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் கோதுமையின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 17 புஷல். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2016இல், 39 புஷல். கிலோவில் சொன்னால் ஏக்கருக்கு 460 கிலோவாகக் கிடந்த கண்டுமுதல் 1,060 கிலோவாக ஏறியது. மண் மாறவில்லை, உழுதவர்களும் பெரும்பாலும் மாறவில்லை. வானம் மாறியது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊரில் செப்டம்பர் மாதம் விதைக்கப் போகும் ஒருவரை நிறுத்தி, "அடுத்த ஜூனில் இந்த வயலில் எவ்வளவு காணும்?" என்று கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் போவார்.

ஆனால் பல பத்தாண்டுகளாக அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லித்தான் வந்தார். தழைச்சத்து (நைட்ரஜன்) எவ்வளவு இடுவது என்பது அந்தப் பதிலைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. கடைசி ஐந்து ஆண்டுக் கண்டுமுதலின் சராசரியை எடுக்க வேண்டும். அதோடு பத்திலிருந்து முப்பது சதவீதம் வரை கூட்டிக்கொள்ள வேண்டும். வருவதுதான் 'விளைச்சல் இலக்கு'. ஒவ்வொரு புஷலுக்கும் 2 பவுண்டு தழைச்சத்து என்று பெருக்கி, மண் பரிசோதனையில் கண்ட நைட்ரேட்டைக் கழித்தால் இட வேண்டிய அளவு கிடைத்துவிடும். நம் அளவில் இது டன்னுக்கு ஏறத்தாழ 33 கிலோ தழைச்சத்து. எளிய கணக்கு. விரிவாக்க அலுவலர் பலகையில் எழுதிக் காட்டலாம், விவசாயி உறையின் பின்புறத்தில் போட்டுப் பார்க்கலாம்.

இதில் உள்ள சங்கடம், சராசரியோடு கூட்டிக்கொள்ளும் அந்தச் சதவீதத்தில் இருக்கிறது. 'நல்ல ஆண்டு வந்தால் வாய்ப்பை விட்டுவிடக் கூடாது' என்பதற்காகச் சேர்ப்பது அது. இலக்கு என்று பெயர் வைத்தாலும் பாதி ஆசை. மாநிலச் சராசரியே 17க்கும் 39க்கும் இடையில் ஊசலாடும்போது, அதன் மேல் ஆசையையும் ஏற்றி உரத்தை அளந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வறண்ட ஆண்டில் உரம் மண்ணிலேயே தங்கிவிடும், அல்லது காற்றோடு போகும். மழை கொட்டிய ஆண்டில் வேருக்குக் கீழே இறங்கி நிலத்தடி நீரில் சேரும்.

விவசாயியை இதில் குறை சொல்ல முடியாது. உரம் குறைந்து விளைச்சல் போனால் இழப்பு பெரிது. உரம் மிஞ்சி வீணானால் போவது உரத்தின் விலை மட்டும். இந்த இரண்டு இழப்புகளும் சமமாக இல்லாதபோது, நிச்சயம் தெரியாதவர் கொஞ்சம் அதிகமாகவே இடுவார். அவர் அளவில் அது புத்திசாலித்தனம். எல்லா வயல்களையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் படம் வேறு. ஓக்லஹோமா அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரானும் கார்டன் ஜான்சனும் 1999இல் உலகத் தானியப் பயிர்கள் முழுவதற்கும் ஒரு கணக்குப் போட்டார்கள். இட்ட தழைச்சத்தில் தானியத்தில் ஏறி வீட்டுக்கு வருவது 33 சதவீதம்தான். மீதி 67 சதவீதத்தின் மதிப்பு, அன்றைய விலையில் ஆண்டுக்கு 1,590 கோடி டாலர்.

எவ்வளவு சின்னது ஒரு 'இடம்'?

இடத்துக்கேற்ற உரம் என்ற பேச்சு 1990களில் பெரிதாக எழுந்தது. அப்போதைய வழக்கம், வயலை ஓர் ஏக்கர், இரண்டரை ஏக்கர் என்று கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மண் மாதிரி எடுத்து வரைபடம் போடுவது. ஓக்லஹோமா அரசுப் பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டில்வாட்டரில், ரானின் குழு வேறு கேள்வியைக் கேட்டது. அடுத்தடுத்த இரண்டு துண்டுகளுக்கு இடையே சத்துத் தேவை உண்மையில் மாறத் தொடங்குவது எவ்வளவு தூரத்தில்? மண்ணையும் பயிரையும் மிகச் சிறு சிறு துண்டுகளாக எடுத்துச் சோதித்தபோது கிடைத்த பதில் பலரைத் தூக்கிவாரிப் போட்டது. ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஒரு சாக்கை விரித்தால் மறையும் இடம்.

யோசித்தால் வியப்பில்லை. போன ஆண்டு மாடு சாணமிட்ட இடம், டிராக்டர் திரும்பிய மூலை, மண்வாரி தள்ளிச் சேர்த்த மேடு, மழைநீர் தேங்கிய குழி – ஒவ்வொன்றும் ஒரு சாக்கு அளவுதான். நம் ஊரில் வரப்பில் நின்று பார்த்தாலே ஒரே வயலில் அங்கங்கே கறுத்தும் வெளுத்தும் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆனால் இந்த அளவுக்கு மண் மாதிரி எடுக்க யாராலும் முடியாது. ஒரு ஹெக்டேருக்கு 10,000 மாதிரி வேண்டும். ஆய்வகக் கட்டணம் நிலத்தின் விலையைத் தாண்டிவிடும். மண்ணைத் தோண்டிக் கேட்க முடியாவிட்டால், பயிரைப் பார்த்துக் கேட்பதுதான் வழி.

வேளாண்மைப் பொறியாளர்களான மார்வின் ஸ்டோனும் ஜான் சோலியும் ரானோடு சேர்ந்து வடிவமைத்த ஒளி உணரி அங்கிருந்து பிறந்தது. பின்னர் கலிஃபோர்னியாவின் என்டெக் நிறுவனம் அதை கிரீன்சீக்கர் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2009இல் டிரிம்பிள் நிறுவனம் என்டெக்கை வாங்கியது. கருவியின் வேலை இதுதான். அது தானே இரண்டு ஒளிகளைப் பயிர் மீது பாய்ச்சுகிறது: ஒன்று சிவப்பு, 660 நானோமீட்டர் அளவில், மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 770 நானோமீட்டர் அளவில். பச்சையம் சிவப்பை விழுங்கிவிடும். இலையின் உள்ளமைப்பு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். பயிர் அடர்ந்து பச்சை கட்டி நின்றால், திரும்பி வரும் ஒளியில் சிவப்பு குறைவாகவும் அகச்சிவப்பு மிகுதியாகவும் இருக்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்.டி.வி.ஐ. எனப்படும் பசுமைக் குறியீடு. வெறும் மண்ணுக்கு 0.2க்குள் நிற்கும். செழித்து மூடிய பயிருக்கு 0.8ஐத் தாண்டும். சூரிய ஒளியை நம்பாமல் தன் ஒளியிலேயே பார்ப்பதால் மேகம் மூடினாலும், இரவானாலும் அளவு மாறாது.

நாளால் வகுப்பது

இந்த முயற்சி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சின்ன யோசனைதான். பிப்ரவரி மாதத்தில் ஒரு வயலின் பசுமைக் குறியீடு 0.6 என்று வைத்துக்கொள்வோம். இது நல்ல பயிரா, மோசமான பயிரா? தனியாக அந்த எண்ணைப் பார்த்தால் தெரியாது. செப்டம்பரில் விதைத்த வயல் 0.6இல் நின்றால் சோம்பிக் கிடக்கிறது என்று பொருள். நவம்பரில் விதைத்தது அதே 0.6ஐத் தொட்டிருந்தால் பாய்ந்து வளர்கிறது.

ஆகவே குறியீட்டை, விதைத்த நாளிலிருந்து பயிர் உண்மையில் வளர்ந்த நாட்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். காலண்டர் நாட்களால் வகுக்கவில்லை. ஓக்லஹோமாக் குளிர்காலத்தில் பயிர் பல நாள் உறைந்து தூங்கும். ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் சராசரி பார்த்து, அது 4.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மட்டுமே அந்த நாள் கணக்கில் வரும். கிடைக்கும் ஈவு, ஒரு வளர்நாளுக்குப் பயிர் எவ்வளவு பசுமையைச் சேர்த்தது என்பதைச் சொல்கிறது. இதற்கு அவர்கள் இட்ட சுருக்கப் பெயர் 'இன்சி'. பருவத்தின் நடுவிலேயே விளைச்சலை மதிப்பிடும் அளவுகோல் என்று விரித்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன 0.6ஐ 100 வளர்நாட்களால் வகுத்தால் 0.006. அதையே 80 வளர்நாட்களால் வகுத்தால் 0.0075. சிறிய வித்தியாசம் போலத் தோன்றும். பல இடங்களில் பல ஆண்டுகள் அளந்து, அறுவடையோடு ஒப்பிட்டு, இந்தக் குழு குளிர்காலக் கோதுமைக்குப் பயன்படுத்திய ஒரு சமன்பாட்டில் இட்டால் முதல் வயல் ஹெக்டேருக்கு 2.8 டன், இரண்டாவது 4.1 டன். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் இரண்டு வயல்கள்! வரப்பில் நின்று பயிரைப் பார்த்தே சொல்லிவிடும் அனுபவசாலிகூட விதைத்த தேதியையும் இடையில் வந்த குளிர் நாட்களையும் மனத்தில் இப்படி வகுத்துப் பார்ப்பது கடினம்.

ஆக, விளைச்சல் இலக்கு விதைப்புக்கு முன் போடும் ஊகமாக இருந்தது மாறியது. பயிர் பாதி வாழ்க்கையை வாழ்ந்த பிறகு, அதன் போக்கைப் பார்த்து, அந்த ஆண்டின் அந்தத் துண்டு நிலத்துக்கென்று போடும் மதிப்பீடாக அது ஆனது.

பட்டை

விளைச்சல் மதிப்பீடு மட்டும் கிடைத்தால் உர அளவு கிடைத்துவிடாது. 2.8 டன் தரப்போகும் வயலுக்கு இன்னும் தழைச்சத்து வேண்டுமா? மண்ணே கொடுத்துக்கொண்டிருக்கிறதா? ஓக்லஹோமாவில் 1892இல் அலெக்சாண்டர் மாக்ருடர் தொடங்கிய கோதுமைப் பாத்திகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உரமே காணாமல் நூற்றாண்டுக்கு மேலாகக் கோதுமை விளைவிக்கிறது. விளைச்சல் தாழ்வுதான், ஆனால் நின்றுபோகவில்லை. மண்ணின் கரிமப் பொருள் மட்கி வெளிவிடும் சத்தும் மழையோடு இறங்கும் சத்தும் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் எதையோ கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. எவ்வளவு என்பது ஆண்டுக்காண்டு மாறும். எந்த ஆய்வகமும் அதை முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

இதற்கு அவர்கள் கண்ட வழி அதிகச் செலவில்லாதது. விதைக்கும்போதே, அல்லது விதைத்த சில வாரங்களுக்குள், வயலின் குறுக்கே ஒரே ஒரு பட்டையில் மட்டும் தழைச்சத்தைத் தாராளமாக இட்டுவிட வேண்டும். அந்தப் பட்டையில் பயிருக்கு எந்த நிலையிலும் தழைச்சத்துக் குறை வரவே கூடாது. நிறைவுப் பட்டை என்று அழைக்கலாம். பிப்ரவரியில் உணரியைப் பட்டையின் மீதும் பக்கத்துப் பயிரின் மீதும் பிடித்து இரண்டு குறியீடுகளையும் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். விடை 1.0க்கு அருகில் வந்தால் பக்கத்துப் பயிருக்கும் குறையில்லை, மண்ணே ஊட்டிவிட்டது. 1.4 வந்தால், உரம் இட்டால் விளைச்சல் நாற்பது சதவீதம் ஏற இடம் இருக்கிறது.

மூன்று வயல்களை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, முறை அவர்களுடையது. முதல் வயலின் மதிப்பீடு 3 டன், பட்டை விகிதம் 1.4. உரமிட்டால் 4.2 டன் வரை போகும். கூடுதல் 1,200 கிலோ தானியம். கோதுமை மணியில் தழைச்சத்து 2.39 சதவீதம் என்று வைத்து, அந்தக் கூடுதல் மணிகளுக்கு வேண்டியது 29 கிலோ. இட்டதில் பாதி பயிருக்குப் போய்ச் சேரும் என்று கொண்டால், ஹெக்டேருக்கு 57 கிலோ இட வேண்டும். பழைய முறையில் அதே 4.2 டன் இலக்குக்கு, மண் நைட்ரேட்டைக் கழிக்கும் முன், 139 கிலோ வந்திருக்கும்.

இரண்டாவது வயலும் 3 டன்தான். ஆனால் பட்டை விகிதம் 1.05. கணக்கு 7 கிலோ என்று சொல்கிறது. 7 கிலோவுக்காக யாரும் இயந்திரத்தை இறக்க மாட்டார்கள், இறக்கவும் வேண்டாம். மூன்றாவது வயல் மெலிந்து கிடக்கிறது, மதிப்பீடு 2 டன்தான். ஆனால் விகிதம் 2.0. அதற்கு 96 கிலோ தேவை. பழைய இலக்கு முறையில் இந்த மூன்றாவது வயலுக்கு 'ஏழை வயல், குறைவாக இடு' என்றே பதில் வந்திருக்கும். பசித்தவனுக்குக் கஞ்சியும் வயிறு நிறைந்தவனுக்கு விருந்தும் வைப்பதைப் போன்ற ஏற்பாடு அது.

சோதனைகளில் என்ன வந்தது? ஒவ்வொரு சதுர மீட்டரையும் தனியாக அளந்து, தனியாக உரமிட்ட முயற்சியின் முடிவை 2002இல் வெளியிட்டார்கள். வயல் முழுக்க ஒரே அளவாக இடும் வழக்கத்தோடு ஒப்பிட்டால், தழைச்சத்துப் பயன்பாட்டுத் திறன் 15 சதவீதத்துக்கு மேல் மேம்பட்டிருந்தது.

சொனோரா

ஓக்லஹோமா வறண்ட மானாவாரி நிலம். முறை அங்கு மட்டும்தான் செல்லுமா என்ற கேள்விக்கு விடை மெக்சிகோவிலிருந்து வந்தது. சொனோரா மாநிலத்தில் சியுடாட் ஓப்ரகோன் நகரைச் சுற்றியுள்ள யாக்கிப் பள்ளத்தாக்கு முழுக்கப் பாசன நிலம், இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல். நார்மன் போர்லாக் தம் குட்டைக் கோதுமைகளைப் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்தது இங்கேதான். 1966இல் இந்தியா இறக்குமதி செய்த 18,000 டன் மெக்சிகோ விதையில் இருந்த 'சொனோரா 64' இந்த மாநிலத்தின் பெயரைத் தாங்கியது. இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1967இல் பி. ராமமூர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் இந்தியாவில் 'இவ்வளவு விளைச்சல் வேண்டுமானால் இவ்வளவு உரம்' என்று மண் பரிசோதனையோடு இணைத்த இலக்கு விளைச்சல் முறையை வகுத்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட பயிர் இதே சொனோரா 64. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டு மண் வகைகளுக்குச் சமன்பாடுகள் போட்டுத் தந்ததும் அந்த வழியில்தான். ஓக்லஹோமாவின் 2 பவுண்டு விதியைவிட அது நுட்பமானது. மண் தரும் பங்கு எவ்வளவு, உரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறது. ஆனாலும் இலக்கைத் தேர்வது விதைப்புக்கு முன்தான். வானம் எப்படி இருக்கும் என்பது அதில் இல்லை.

யாக்கியில் 1990களில் விவசாயிகள் ஹெக்டேருக்குச் சராசரி 250 கிலோ தழைச்சத்து இட்டார்கள். அதில் முக்கால் பங்கு விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே மண்ணில் போய்விடும். பயிர் இல்லாத மண்ணில் உரம், அதன் மேல் பாசன நீர்! ஆய்வாளர்கள் பமேலா மாட்சனும் ரோசமண்ட் நெய்லரும், மெக்சிகோவில் உள்ள பன்னாட்டுக் கோதுமை, மக்காச்சோள ஆராய்ச்சி நிறுவனமான சிம்மிட்டின் இவான் ஓர்டிஸ்-மொனாஸ்டேரியோவும் 1998இல் அளந்து காட்டியது இதைத்தான். அளவைக் குறைத்துப் பருவம் மாற்றி இட்டால் காற்றில் போகும் நைட்ரஸ் ஆக்சைடு குறைகிறது, விளைச்சல் குறையவில்லை, விவசாயியின் லாபம் 12 முதல் 17 சதவீதம் வரை கூடுகிறது. வயலிலிருந்து வழிந்த சத்து எங்கே போனது என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் பிறகு காட்டின. பள்ளத்தாக்கில் பாசனம் நடந்த சில நாட்களுக்குள் கலிஃபோர்னியா வளைகுடாவில் பாசித் திரள்கள் பொங்கின. 2005இல் வெளியான அந்த ஆய்வில் மிகப் பெரிய திரளின் பரப்பு 577 சதுர கிலோமீட்டர்.

ஓர்டிஸ்-மொனாஸ்டேரியோவும் ரானும் 2002-03, 2003-04 பருவங்களில் 13 விவசாயிகளின் வயல்களில், சராசரி ஒரு ஹெக்டேர் பரப்பில், பட்டையும் உணரியும் வைத்துச் சோதித்தார்கள். விளைச்சலில் ஒரு குறைவும் இல்லாமல் ஹெக்டேருக்கு 69 கிலோ தழைச்சத்து மிச்சமானது. யூரியாவாக மாற்றினால் 150 கிலோ. நம் 45 கிலோ மூட்டையில் மூன்றே கால் மூட்டைக்குச் சற்று மேல். அங்கே அப்போது ஒரு கிலோ தழைச்சத்து 0.9 டாலர் விலையில் ஹெக்டேருக்கு 62 டாலர் மிச்சம். 2005இல் சோதனையைச் சராசரி 10 ஹெக்டேர் அளவில் எட்டு விவசாயிகளின் வயல்களுக்கு விரித்தார்கள்.

இந்த 69 கிலோ என்ற எண்ணை நான் பாராட்டுவதைவிட ஆராய்வதையே விரும்புவேன். அதில் எவ்வளவு உணரியின் சாமர்த்தியம், எவ்வளவு முன்பு இட்டுக்கொண்டிருந்த 250 கிலோவின் அதிகப்படி? மிகையாக இடும் ஊரில் எந்த நிதானமான முறையும் மிச்சம் காட்டும். உணரியின் பங்கு, ஒவ்வொருவருக்கும் அவரவர் வயலில் எவ்வளவு குறைக்கலாம் என்று தனித்தனியே சொன்னதில் இருக்கிறது. 'எல்லாரும் குறையுங்கள்' என்ற பொது அறிவுரையை யாரும் கேட்பதில்லை. தன் வயலின் பட்டையைத் தன் கண்ணால் பார்த்தவர் கேட்பார்.

இன்னொரு பாடத்தை யாக்கியில் ஆய்வாளர்கள் தாமதமாகக் கற்றார்கள். அங்கே விவசாயிகள் உர அளவை ஆராய்ச்சி நிலையத்திடம் கேட்பதில்லை. அவர்களுக்குப் பயிர்க்கடன் கொடுக்கும் கடன் சங்கங்களே ஆலோசனையும் சொல்லி வந்தன. கடன் கொடுத்தவருக்கு அச்சம் அதிகம். உரத்தைக் குறைத்து விளைச்சல் போய்விட்டால் கடன் திரும்பாது. எனவே கட்டுரைகளால் நகராத அளவு, கடன் சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகரை வயலுக்கு அழைத்து வந்த பிறகே நகரத் தொடங்கியது. உணரி முறை ஒரு வட்டாரத்தில் வேர் பிடிக்குமா என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் அங்கே கடன் யார் கொடுக்கிறார்கள் என்றே கேட்பேன்.

ஒரு விரிசல்

இதுவரை சொன்னதில் மறைந்துகிடக்கும் அனுமானம் ஒன்று இருந்தது. விளைச்சல் அதிகமானால் தழைச்சத்துத் தேவையும் அதிகமாகும் என்பது. தர்க்கம் சரிபோலவே தெரியும். ஆனால் ஓக்லஹோமாவிலேயே லஹோமா என்ற ஊரில் 1970இலிருந்து நடக்கும் நீண்டகாலக் கோதுமைச் சோதனையின் பதிவுகளைப் பார்த்தால், சில ஆண்டுகளில் உரமே இடாத பாத்தி முழு உரமிட்ட பாத்திக்குச் சமமாக விளைந்திருக்கிறது. வேறு சில ஆண்டுகளில் பாதியைக்கூடத் தொடவில்லை. 2011இல் ரான், சோலி, ஸ்டோன் மூவரும் இப்படிப்பட்ட நீண்டகாலப் பதிவுகளை எடுத்து ஒரு முடிவைச் சொன்னார்கள். ஓர் ஆண்டின் விளைச்சல் மட்டத்துக்கும், அந்த ஆண்டு தழைச்சத்துக்குப் பயிர் எவ்வளவு துலங்கும் என்பதற்கும் ஒட்டுறவு இல்லை. இரண்டும் தனித்தனி.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. ஈரமும் இளஞ்சூடுமாக இருக்கும் ஆண்டில் பயிர் நன்றாக வளரும். அதே ஈரமும் சூடும் மண்ணில் கரிமப் பொருளை மட்கவைத்து இலவசத் தழைச்சத்தையும் அள்ளிக் கொடுக்கும். அப்போது விளைச்சல் உச்சம், உரத் தேவை சொற்பம். இன்னோர் ஆண்டு இதே அளவு மழை ஒரே வாரத்தில் கொட்டி, நைட்ரேட்டை வேருக்குக் கீழே அடித்துக்கொண்டு போய்விடும். நீர் தேங்கிய மண்ணில் மீதி வாயுவாக மாறிப் பறந்துவிடும். அப்போதும் விளைச்சல் வாய்ப்பு உயரமே, தேவையும் உயரம். வெறும் விளைச்சல் இலக்கைக் கொண்டு இந்த இரண்டு ஆண்டுகளையும் பிரித்தறிய வழியே இல்லை.

இது அவர்கள் தொடங்கிய இடத்தையே ஆட்டிவிட்ட முடிவு என்று நினைக்கிறேன். இடத்துக்கேற்ற விளைச்சல் இலக்கைத் துல்லியமாக்கத்தான் உணரியைக் கட்டினார்கள். எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இலக்கு மட்டும் உரத்தைத் தீர்மானிக்காது என்று அதைக் கட்டியவர்களே காட்டிவிட்டார்கள். தம் முறையைத் தாமே திருத்திக்கொள்ளும் இந்த நேர்மைக்காகவே இந்தக் குழுவை எனக்குப் பிடிக்கும். கணக்கில் இரண்டு உறுப்புகளும் வேண்டும்: விளைச்சல் எவ்வளவு என்பதை இன்சி சொல்லும், துலங்கல் எவ்வளவு என்பதைப் பட்டை சொல்லும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் பட்டையை வைத்துக்கொள்வேன்.

உணரி ஏமாறும் இடங்கள்

உணரி பசுமையைத்தான் பார்க்கிறது, காரணத்தைப் பார்ப்பதில்லை. கந்தகக் குறையாலும் பயிர் வெளுக்கும். களை அடர்ந்த இடம் செழித்த பயிர்போலத் தெரியும். ஓக்லஹோமாவில் குளிர்காலக் கோதுமையில் மாடுகளை மேயவிடும் வழக்கம் பரவலாக உண்டு. நேற்று மாடு கடித்த வயலில் இன்று உணரியைப் பிடித்தால் அது வெறும் மேய்ச்சலைத்தான் அளக்கும். பட்டையும் சேர்ந்தே மேயப்பட்டு, பிறகு இரண்டும் சம அளவில் துளிர்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பயிர் முழுவதுமாக மூடிவிட்டால் குறியீடு 0.9 பக்கத்தில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் பயிர் எவ்வளவு அடர்ந்தாலும் எண் அசையாது. மிக இளம் பருவத்தில் அளந்தால் மண்ணே பெரிதாகத் தெரியும். ஆகவே கோதுமையில் தூர் கட்டி முடித்துத் தண்டு எழத் தொடங்கும் பருவம்தான் தோதானது. அந்தச் சில வாரங்களில் மழை பெய்து வயலில் இறங்க முடியாமல் போனால், அந்த ஆண்டுக் கணக்கு போயிற்று.

மேலும், மதிப்பீடு பாதி வழியில் போடப்பட்டது. அளந்த பிறகு வரும் ஏப்ரல் உறைபனியும், மே மாத வறட்சியும், அறுவடைக்கு முந்திய ஆலங்கட்டி மழையும் அதில் இல்லை. விதைப்புக்கு முன் போட்ட ஊகத்தைவிட நல்லது, அவ்வளவே. சமன்பாடுகளும் பெயர்த்து நடத் தகுந்தவை அல்ல. ஓக்லஹோமாவின் குளிர்காலக் கோதுமைக்குப் போட்டதை யாக்கியின் வசந்தகாலக் கோதுமைக்கு அப்படியே போட முடியாது. லூதியானாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் கிரீன்சீக்கரைக் கையில் எடுத்தபோது, அங்கத்திய கோதுமைக்கும் நெல்லுக்கும் தனியாகச் சமன்பாடுகளை உருவாக்க வேண்டியிருந்தது. பட்டைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்த மண்ணில், அந்த ரகத்தில், அந்த ஆண்டின் வானத்தின் கீழ் அது நிற்கிறது.

ஒரு சதுர மீட்டர் கனவுக்கும் என்ன ஆயிற்று என்று சொல்லிவிட வேண்டும். உர இயந்திரத்தின் முன்புறம் உணரிகளை வரிசையாகப் பூட்டி, ஓடும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் அளவை மாற்றித் தெளிக்கும் ஏற்பாடு வந்தது, வேலையும் செய்தது. ஆனால் விலை கூடுதல். 2012க்குப் பிறகு சுமார் 500 டாலர் விலையில் கையில் பிடிக்கும் கருவி வந்தபோது பலர் அதற்கு மாறினார்கள். வயலில் நடந்து பட்டையையும் பக்கத்தையும் அளந்து, வயல் முழுவதற்கும் ஒரே அளவைத் தீர்மானிக்கிறார்கள். சாக்கு அளவு நுட்பம் கைவிடப்பட்டது. இந்த ஆண்டுக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. ஓக்லஹோமா போன்ற ஊரில் துண்டுக்குத் துண்டு மாறுவதைவிட ஆண்டுக்கு ஆண்டு மாறுவது பெரிது என்பதால், இந்தப் பேரத்தில் நஷ்டம் குறைவு.

கருவியே இல்லாதவர்கள் வேறொன்று செய்கிறார்கள். இலையுதிர்காலத்தில் பட்டையை இட்டு, அதன் இரு முனைகளிலும் குச்சி நட்டுவிடுகிறார்கள். பிப்ரவரி மாதம் வயலோரச் சாலையில் வண்டியை நிறுத்தி, குச்சிகளுக்கு நடுவே ஒரு கரும்பச்சைக் கோடு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். தெரிந்தால் யாரிடமாவது உணரியை இரவல் வாங்கி வந்து எவ்வளவு இடுவது என்று கணக்குப் பார்ப்பார்கள். தெரியாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டு, பத்து நாள் கழித்து மறுபடியும் வருவார்கள்.